வரலாற்று ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பே என் தேர்வு

1920களின் சென்னை மாகாண அரசியல்தான் என் ஆய்வுத் தலைப்பு. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று சான்று காட்ட எம்.எல்.ஏ. (MLA), ஏ.பி.ஏ. (APA), சிகாகோ (Chicago) என்ற மூன்று முறைகளையும் பார்த்துவிட்டு, சிகாகோவின் அடிக்குறிப்பு முறையை எடுத்துக்கொண்டேன்.

அடிப்படை வேறுபாடு தெரிந்ததுதான். எம்.எல்.ஏ.யில் வரிக்குள்ளேயே ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், ஏ.பி.ஏ.யில் பெயரும் ஆண்டும். சிகாகோவில் வரியில் சொல்லுக்கு மேலே சிறிதாக ஓர் எண், விவரம் பக்கத்தின் அடியில். (சிகாகோவிலும் ஆசிரியர்-ஆண்டு வகை ஒன்று உண்டு, இங்கே அதைச் சொல்லவில்லை.) நாவல், கவிதை பற்றி எழுதுபவருக்கு எம்.எல்.ஏ. தாராளமாகப் போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது நூல் அல்லாத சான்றுகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கும் அரசாணைக்கு ஆசிரியர் என்று யாரும் இல்லை. வகுப்புவாரி உரிமை பற்றிய அரசாணை எண் 613, 1921 செப்டம்பர் 16 தேதியிட்டது. ஆசிரியர்-ஆண்டு முறையில் அது வரிக்குள் 'சென்னை அரசு 1921' என்று சுருங்கிவிடும். அதே ஆண்டின் வேறு ஆணைகளும் வந்தால் 1921அ, 1921ஆ என்று நீளும். எது எந்த ஆணை என்று அறிய, படிப்பவர் ஒவ்வொரு முறையும் கடைசிப் பட்டியலுக்கு ஓட வேண்டும். அடிக்குறிப்பிலோ எண், தேதி, துறை, காப்பகம் எல்லாம் அதே பக்கத்தில் இருக்கும். கோப்பின் ஓரத்தில் ஓர் அதிகாரி மாறுபட்ட கருத்தை எழுதியிருந்தால் அதையும் ஒரு வரியில் அங்கேயே சொல்லிவிடலாம். பத்திரிகைகளில் பெயரில்லாமல் வந்த தலையங்கங்களுக்கும் இது வசதி.

பழைய இலக்கியத்திலும் அப்படித்தான். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தை ஆசிரியர்-ஆண்டு முறையில் காட்டினால் இளங்கோவடிகள் பெயரை ஒட்டி 1892 வந்து நிற்கும். அடிக்குறிப்பில் காதையும் வரி எண்ணும் கொடுத்து, பிறகு பதிப்பைச் சொல்லலாம். வேறு பதிப்பு வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எம்.எல்.ஏ.யும் வரி எண்ணை ஏற்கும். ஆனால் பதிப்பு விவரம் கட்டுரையின் கடைசிக்குப் போய்விடும்.

சரி, அடிக்குறிப்பில் தொல்லையே இல்லையா? உண்டு, பராமரிப்பு அதிகம். முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்கு 'மேலது' என்று போட்டுவிட்டுப் பத்தியை இடம் மாற்றினால் அது வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். சிகாகோ கையேட்டின் 2017 பதிப்பே அதைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் போடச் சொல்கிறது. நான் அதைத்தான் பின்பற்றுகிறேன். இடம் கொஞ்சம் கூடினாலும் குழப்பமில்லை.

மொழியியல், மானுடவியல் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. யார் எந்த ஆண்டில் சொன்னார் என்பது அங்கே வாதத்துக்கே முக்கியமாக இருப்பதால் ஆசிரியர்-ஆண்டு முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதென்றால் அந்த இதழ் கேட்கும் முறைதான். ஆய்வேட்டில் துறை நம்மிடம் விட்டால், சான்றுகளில் பாதிக்கு மேல் ஆவணங்களாக இருக்கும்போது, தயங்காமல் அடிக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.