மரச்சுருள் சீவ எது நல்லது: மோரா, ஒப்பினெல், பென்சில் கட்டர், சீவுளி

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்பிங் போகிற இடத்தில் நெருப்பு மூட்ட மரச்சுருள் சீவுவதற்கு ஒரேயொரு சாமான்தான் வாங்குவேன் என்றால், சுவீடனில் செய்கிற மோரா கம்பேனியன் கத்தியை வாங்குங்கள். வீட்டிலேயே சீவி ஒரு பை நிறையக் கொண்டுபோகிற ஆள் என்றால் கத்தியை விடுங்கள், தச்சர்கள் ஒற்றைக் கையால் பிடிக்கிற சின்னச் சீவுளி போதும். பென்சில் கட்டர் பிள்ளைகளுக்கு. மற்றதெல்லாம் ஆசைக்கு.

இனி ஏன் என்று பார்ப்போம்.

கனடாவில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே அல்கோன்குவின், கிலார்னி பூங்காக்கள் பக்கம் கேம்பிங் போகிற நம் ஆட்களின் காரில் எல்லாம் இருக்கும். ட்ரேயில் ஆட்டிறைச்சிக் கறி இருக்கும், ரொட்டிக்கு மா குழைத்து இருக்கும், ஸ்பீக்கர் இரண்டு இருக்கும், நெருப்பு மூட்டத்தான் ஒன்றும் இருக்காது. அங்கே போய் ஒரு கட்டு விறகை வாங்கி, தீக்குச்சியை நேரே தடித்த கட்டைக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பிடிக்காது. பிறகு யாராவது ஒரு மாமா "தள்ளு தம்பி, நான் பார்க்கிறன்" என்று லைட்டர் எண்ணெய்ப் போத்தலோடு வருவார். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பும், எண்ணெய் முடிந்ததும் படுத்துவிடும், மாமா எரிகிற நெருப்புக்கு மேலேயே திரும்பவும் ஊற்றுவார், அது போத்தலுக்கே தீ ஏறக்கூடிய வேலை என்று சொன்னால் கேட்கமாட்டார். அந்த நெருப்பில் வாட்டிய கோழியைச் சாப்பிட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஊரில் பன்னாடை, பாளை, பொச்சு, ஊமல் என்று வளவெல்லாம் பற்றவைக்கிற சாமான்தான். இங்கே ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் அப்படிப் பொறுக்க முடியாது, முகாம் போடுகிற இடத்தில் நிற்கிற மரத்தில் பட்டை உரிக்கவோ கிளை முறிக்கவோ கூடாது. பேர்ச் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தாலும் எண்ணெய்த் தன்மையால் பற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான், அதற்காக நிற்கிற மரத்தை உரிக்கத் தொடங்கினால் அந்த வடு ஆறாது. வீட்டு வளவிலிருந்து விறகை ஏற்றிக்கொண்டு போவதும் வேண்டாம் என்கிறார்கள், காரணம் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு. 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் புழு ஆஷ் மரத்துப் பட்டைக்குக் கீழே ஓடி ஓடித் தின்று மரத்தையே சாகடிக்கிறது, அது ஊர் ஊராகப் பரவியதில் விறகு ஏற்றிப் போனவர்களுக்கும் பங்கு உண்டு. ஆக, போகிற இடத்தில் கிடைக்கிற விறகைத்தான் வாங்கவேண்டும். வழியில் ஒரு கடையில் நான் வாங்கிய கட்டு, பெயர் வேண்டாம், பிளாஸ்டிக் சுற்றுக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

நனைந்த விறகிலும் பெரும்பாலும் மேல்பக்கம்தான் ஈரம். பிளந்து உள்ளே போனால் காய்ந்த மரம் கிடைக்கும். ஒழுங்காகக் காய்ந்த விறகு என்றால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது கணக்கு. தடித்த கட்டை பற்றவேண்டும் என்றால் முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகவேண்டும், அப்புறம் மரம் சூடாகவேண்டும், அதற்குள் தீக்குச்சி விரலைச் சுட்டுவிடும். தாள் கனத்தில் சீவிய சுருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. சூடாக்க அதில் மரமே இல்லை, காற்றோ எல்லாப் பக்கமும் படுகிறது, குச்சியின் நெருப்பு பட்டவுடன் பிடிக்கும். மற்றது எல்லாம் அந்தச் சுருளை எதால் சீவுவது என்பதுதான்.

மோரா என்பது சுவீடனில் தாலார்னா பகுதியில் ஒரு ஊர். 1891இலிருந்து அங்கே கத்தி செய்கிறார்கள். கம்பேனியன் அவர்களுடைய மலிவான வகைகளில் ஒன்று. அலகு 10 சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, கனம் 2.5 மில்லிமீற்றர், பிளாஸ்டிக் உறை, ஈரக் கையிலும் வழுக்காத ரப்பர் பிடி. பார்க்க ஒரு அழகும் கிடையாது, மீன் கடையில் தொங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அதன் விளிம்பைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சமையலறைக் கத்திகளில் அலகு சரிந்து வந்து கடைசியில் இன்னொரு சின்னச் சரிவு இருக்கும். மோராவில் அந்த இரண்டாவது சரிவு இல்லை, ஒரே அகலமான தட்டைச் சரிவு நேரே கூருக்குப் போகிறது. அந்தத் தட்டைப் பக்கத்தை மரத்தில் படுக்கவைத்தால் கோணம் தானாக வந்துவிடுகிறது. முதுகை ஒரு மயிரிழை தூக்கினால் கூர் மரத்தைக் கவ்வும், தாழ்த்தினால் விட்டுவிடும். முதல்முறை கத்தி பிடிக்கிறவருக்கும் சுருள் வருவது இதனால்தான்.

சீவுகிற முறை இது. கணு இல்லாத, நார் நேராக ஓடுகிற சீடர் அல்லது பைன் துண்டாகப் பார்த்து எடுங்கள். மேப்பிள், ஓக் எல்லாம் பிறகு எரிய நல்லது, சீவ நல்லதல்ல. பெருவிரல் கனத்துக்குப் பிளந்த துண்டு என்றால் நாலு மூலை இருக்கும், உருண்டைக் கம்பை விட இது நூறு மடங்கு மேல், ஏனென்றால் மூலையிலிருந்து சீவினால் சுருள் ஒடுக்கமாக, மெல்லியதாக வரும். துண்டின் அடியை ஒரு கட்டையில் ஊன்றுங்கள். கத்தி பிடித்த கையின் முழங்கையை மடக்காமல், உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்துக் கத்தியைக் கீழே ஓடவிடுங்கள். மணிக்கட்டால் சீவ வெளிக்கிட்டால் அலகு மரத்துக்குள் இறங்கிச் சுருள் அறுந்து விழும். அடிக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்தி, கத்தியைத் திரும்ப மேலே கொண்டுபோய், துண்டைத் துளி திருப்பி, முதல் சீவலால் உண்டான புது விளிம்பில் அடுத்ததைத் தொடங்குங்கள். சுருள்கள் அறாமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடியில் கூடிக்கொண்டே வரும். ஓட்டம் முடிகிற இடத்தில் கைப்பிடியைச் சற்று வெளியே சாய்த்தால் சுருள் பக்கவாட்டில் விரியும், அப்போதுதான் அடுத்த சுருளுக்கு இடம் கிடைக்கும். இப்படி மூன்று நாலு துண்டு சீவி, சுருள் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து அடுக்கிக் கீழிருந்து பற்றவைத்தால் பேப்பரும் வேண்டாம், மாமாவும் வேண்டாம்.

முழங்கை வலிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கத்தியை முழங்காலுக்கு முன்னால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கூர் வெளிப்பக்கம் பார்க்க, துண்டைத் தன் பக்கம் இழுப்பது. கத்தி நகராது, மரம்தான் நகரும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மோராவின் குறைகளையும் சொல்லவேண்டும். அலகின் வால் கைப்பிடியின் கடைசிவரை போகவில்லை. கத்தியைக் கட்டையில் வைத்து முதுகில் தடியால் தட்டிப் பிளக்கிற வித்தையை யூடியூப்பில் பார்த்துவிட்டுத் தொடைக் கனத்துக் கட்டையில் ஏற்றாதீர்கள், மணிக்கட்டுக் கனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலே பிளப்பதென்றால் இதே கத்தியின் 3.2 மில்லிமீற்றர் தடித்த வகை இருக்கிறது, ஆனால் அது சுருள் சீவ அவ்வளவு சுகமில்லை. துருப்பிடிக்காத உருக்கு, கார்பன் உருக்கு என்று இரண்டு வகையிலும் வருகிறது. கார்பன் தீட்ட இலகு, துடைக்காமல் உறையில் போட்டால் அடுத்த நாள் காலையில் பழுப்புப் புள்ளி. நம் வீட்டுப் பழக்கவழக்கத்துக்குத் துருப்பிடிக்காததே சரி. ஒரு விஷயம், கம்பேனியனின் முதுகு மழுங்கலாகத்தான் இருக்கும், அதால் ஃபெரோ ரொட் என்கிற பொறிக் கம்பியை உரசிப் பொறி எடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம். ரொட்டோடு வருகிற சின்னத் தகட்டையே பயன்படுத்துங்கள்.

அந்த ஃபெரோ ரொட் பற்றி இரண்டு வார்த்தை. 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த இரும்பு, சீரியம் கலவை. லைட்டரில் இருக்கிற கல்லும் அதே வகைதான். பொறி பயங்கரச் சூடு, ஆனால் அரைக்கணம்தான் இருக்கும், அதனால் தீக்குச்சிக்குப் போதுமான சுருள் பொறிக்குப் போதாது. பஞ்சுக் கனத்தில் சீவவேண்டும், இல்லாவிட்டால் கத்தியை நெட்டாகப் பிடித்துச் சுரண்டிய மரத்தூள் ஒரு பிடி வேண்டும். அது தனி விளையாட்டு. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது லைட்டரை எடுங்கள்.

ஒப்பினெல் 8ஆம் நம்பர், பிரான்சின் சவோய் பகுதிச் சாமான், 1890இலிருந்து வருகிறது. மடக்குக் கத்தி, 8.5 சென்றிமீற்றர் அலகு, மரக் கைப்பிடி. அலகைப் பூட்டுகிற வளையம் 1955இல்தான் சேர்ந்தது, சீவத் தொடங்கமுன் அதைத் திருப்பிப் பூட்டுங்கள், மறந்தால் விரல்தான் உறை. மெல்லிய அலகு என்பதால் சீவல் அருமையாக வரும், அதே கத்தியில் பழமும் வெட்டலாம், பாணும் வெட்டலாம். ஆனால் மரப்பிடி மழையில் ஊதும், ஊதினால் அலகை வெளியே இழுக்க நகம் போய்விடும். தட்டிப் பிளக்கிற வேலைக்கு அறவே ஆகாது. சட்டைப் பையில் கிடக்க ஒரு கத்தி வேண்டும் என்பவர்களுக்கு இது, கேம்பிங்குக்கென்றே வாங்குகிறவர்களுக்கு மோரா.

பென்சில் கட்டரை நான் பகிடியாகத்தான் எடுத்துப்போனேன், ஆனால் பிள்ளைகள் அதைத் திருப்பித் தரவில்லை. இரண்டு துளை உள்ள உலோகக் கட்டராகப் பாருங்கள், தடித்த கலர் பென்சிலுக்கான பெரிய துளைதான் வேலைக்கு உதவும். பென்சில் கனத்தில் காய்ந்த சுள்ளியை உள்ளே விட்டுச் சுழற்றினால் கொசுவம் வைத்த சேலைக் கரை போல ஓரம் நெளிந்த சுருள் வரும், அது நன்றாகவே பற்றும். பெரிய கம்புக்கென்று செய்த பெருத்த கட்டர்களும் இணையத்தில் விற்கிறார்கள், விலைக்கு வேலை காணாது. பச்சைச் சுள்ளி சிக்கும், கணு வந்தால் நின்றுவிடும், ஒரு பிடி சேர்க்க நேரமும் எடுக்கும். பிள்ளைகளின் கையில் கத்தி இல்லை, அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, எனக்கு அது போதும்.

சீவுளிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் யாரும் இதைக் கேம்பிங் சாமானாகப் பேசுவதில்லை. தச்சு வேலைக்கு விற்கிற சின்ன வகை, ஒரு கைக்குள் அடங்கும். தாழ்ந்த கோண வகை என்று கேட்டு வாங்குங்கள், அதில் அலகு 12 பாகையில் படுத்திருக்கும். பழைய சாமான் விற்கிற இடங்களில் நல்ல இரும்புச் சீவுளி மலிவாகக் கிடைக்கும், அலகைத் தீட்டினால் போதும். ஒரு துண்டு ஸ்புரூஸ் பலகையைக் குறட்டில் இறுக்கி, அலகை மிக மெல்லியதாக வெளியே விட்டு நீளவாக்கில் ஓட்டினால் பலகை நீளத்துக்கே நாடா நாடாவாகச் சுருள் வரும், பத்து நிமிடத்தில் ஒரு கடதாசிப் பை நிறையும். கத்தியால் அதைச் சீவ மத்தியானம் முழுக்க ஆகும். எல்லாம் ஒரே கனம், பிள்ளைகூடப் பற்றவைக்கும்.

ஆனால் எந்தப் பலகை என்பதில் கவனம். கடையில் வாங்கிய பலகையில் எஸ்-டிரை என்று முத்திரை இருந்தால் 19 சதவீத ஈரத்துக்குள் உலர்ந்தது என்று பொருள், அது நல்லது. டெக், வேலி அடிக்கிற மருந்தூட்டிய பச்சை நிறப் பலகையைத் தொடவே வேண்டாம். அதில் செம்பு இருக்கிறது, 2003 முடிவில் கனடாவில் வீட்டு உபயோகத்துக்கு நிறுத்துவதற்கு முன் வந்த பழைய பலகை என்றால் ஆர்செனிக்கும் இருக்கும். அந்தப் புகையில் ரொட்டி சுடுவதை நினைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்தது, ஒட்டுப்பலகை, இவையும் வேண்டாம்.

எதால் சீவினாலும் முதலில் விறகைப் பிளக்கவேண்டும் அல்லவா, அதற்குக் கைக்கோடரி எல்லாருக்கும் சரிவராது. நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி, தன் தாய் சிராய் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, கூரை மேல்நோக்கி நிறுத்திச் சுற்றிலும் வளையம் வைத்த ஒரு சாதனம் செய்தார். கட்டையை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவது, அவ்வளவுதான், கை கூருக்குக் கிட்டவே போகாது. கிண்ட்லிங் கிராக்கர் என்று இப்போது விற்கிறார்கள். வார்ப்பிரும்பு, கிட்டத்தட்ட ஐந்து கிலோ, அதனால் தோளில் சுமந்து நடக்கிறவர்களுக்கு இல்லை, கார் பக்கத்திலேயே நிற்கிற கேம்பிங்குக்கும் வீட்டு அடுப்புக்கும் தாராளமாக வாங்கலாம். விலை கூடத்தான். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் கணக்கு சரிவரும்.

சீவிய சுருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், வியர்க்கும். கடதாசிப் பையில் போட்டு, போகிற அன்று மட்டும் மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள். வெளிக்கிட முன் அந்தப் பகுதியில் தீத் தடை இருக்கிறதா என்று ஒன்ராறியோ அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஒக்ரோபர் முடிவுவரை தீக்காலம், கோடையில் திடீரென்று தடை போடுவார்கள், அப்போது வெளியில் விறகு நெருப்பே மூட்டக்கூடாது, காஸ் அடுப்புத்தான்.