லினக்ஸ் மின்ட்டில் ஒன்பது மாதம் கேம் ஆடியாச்சு: எல்லாம் ஓடுது, கூட்டாளிகளைத்தான் காணோம்

வாலரன்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கி கேம் மட்டுமே ஆடுகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் லினக்ஸ், அதில் ஒரு வகைதான் மின்ட். அங்கே வாலரன்ட் ஓடாது, ஓட வைக்கக் குறுக்கு வழியும் கிடையாது. மற்றவர்கள் வாங்க.

என்னுடையது 2018இல் சிம்மக்கல் பக்கம் அசெம்பிள் செய்த டப்பா. ரைசன் 5 1600 பிராசசர், 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். கிரிப்டோ மைனிங்காரர்கள் கிராபிக்ஸ் கார்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போன நேரம் அது, அந்த கார்டுக்குக் கொடுத்த விலையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடியப்போகிறது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது, விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் அது ஏற்கும் பிராசசர் பட்டியலிலேயே முதல் தலைமுறை ரைசன் இல்லை. கடையில் கேட்டேன். "போர்டு, பிராசசர், ரேம் மூணையும் மாத்திரணும் தம்பி" என்றார் அண்ணன். போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் இதே போர்டில் புது பிராசசர் உட்காருமே என்று சொல்ல வாய் வந்தது, சரி வியாபாரம் அவருக்கு என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஏறக்குறைய 3 ஜிபி டவுன்லோட், ஒரு பென்டிரைவ், அரை மணி நேரம், மின்ட் ஏறிவிட்டது. ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. என்விடியா வைத்திருப்பவர்கள் டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் வந்தது வினை, அதுவும் என் சோம்பேறித்தனத்தால். பழைய டி டிரைவில் 400 ஜிபிக்கு கேம் கிடந்தது. அதைத் திரும்ப இறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, கேம் வாங்கி ஆடும் செயலியான ஸ்டீமுக்கு அப்படியே காட்டிவிட்டேன். ஸ்டீமும் எல்லாவற்றையும் அழகாக வரிசைப்படுத்திக் காட்டியது. ப்ளே அழுத்தினால் பட்டன் நீலமாகும், இரண்டு நொடியில் திரும்பப் பச்சையாகும். பிழைச்செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று ராத்திரி போனது. கடைசியில் காரணம் என்னவென்றால், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டான் (கீழே சொல்கிறேன்) ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் கோப்புறையைத் தயார் செய்கிறது, அதற்குள் சி டிரைவைக் காட்டும் இணைப்பின் பெயரில் ஒரு முக்காற்புள்ளி வரும், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் அமைத்த டிரைவில் விண்டோஸ் அந்தக் குறியைப் பெயரில் அனுமதிப்பதில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிரைவை வைத்துக்கொண்டால் இப்படித்தான் மல்லுக்கட்ட வேண்டும். சித்தி மகனிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கடன் வாங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டி, டி டிரைவை லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4 ஆக மாற்றி, மறுபடி அள்ளிப் போட்டேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்தாலே மூன்று ராத்திரி மிச்சம்.

ப்ரோட்டான் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ் மொழியில் பேசும், லினக்ஸ் பக்கம் கிராபிக்ஸ் டிரைவருக்குத் தெரிந்தது வல்கன். நடுவில் நின்று வரிக்கு வரி மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும், நம் மீனாட்சி கோயில் வாசலில் வெள்ளைக்காரருக்குப் பேசும் கைடு மாதிரி. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் இதை ஸ்டீமுக்குள்ளேயே சேர்த்தது. அதற்கு முன்பு வைன் என்ற பெயரில் பல வருடமாக இருந்த வேலைதான், ஆனால் அப்போது ஒரு கேமை ஓட வைப்பதே தனி கேம். 2022இல் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் வந்த பிறகு கைடுக்கு மொழி நன்றாகவே பழகிவிட்டது.

எவ்வளவு நன்றாக என்றால், எல்டன் ரிங் கேம் வெளியான புதிதில் விண்டோஸில் திக்கித் திக்கி ஓடியது, எல்லாரும் புலம்பினார்கள். வால்வ் ஆட்கள் தங்கள் மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே அந்தத் திக்கலைச் சரிசெய்து ஸ்டீம் டெக்கில் விட்டார்கள். கைடு சொன்னது மூலத்தைவிடத் தெளிவாக இருந்த கதை! என் பழைய கார்டில் மீடியம் செட்டிங்கில் முழுதும் முடித்தேன், அந்த மரத்துக் காவலனிடம் செத்ததெல்லாம் முழுக்க என் கைவண்ணம்.

முதல் தடவை கேம் திறக்கும்போது வல்கன் ஷேடர்களை (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் குட்டி நிரல்கள்) தயார் செய்கிறேன் என்று ஒரு பட்டை ஓடும். என் பிராசசருக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். தெருமுனைக்குப் போய் ஒரு டீ அடித்துவிட்டு வரலாம். தள்ளிவிட்டுப் போகவும் முடியும், போனால் ஆட்டத்தின் நடுவே திக்கும், டீயே மேல்.

யூரோ டிரக் 2 என்கிற டிரக் ஓட்டும் கேம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், நம்ம ஊர்ப் பயல்கள் பாதிப் பேர் அதில் டிரக் ஓட்டுவதே இல்லை, பஸ் மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்பு) போட்டு மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் ஷன்ட் அடிக்கிற நினைப்பில்தான் இருக்கிறார்கள். இதற்கு லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு. ஆனால் அது வல்கனுக்கு முந்தைய ஓபன்ஜிஎல்லில் ஓடுவது, என் கணினியில் நகரத்துக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கியது. ஸ்டீம் ப்ராபர்ட்டீஸில் ப்ரோட்டானைக் கட்டாயப்படுத்தி விண்டோஸ் பதிப்பை ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. லினக்ஸ் பதிப்பைவிட லினக்ஸில் விண்டோஸ் பதிப்பு நன்றாக ஓடுகிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரே சிக்கல், மோட் கோப்புறை டாக்குமென்ட்ஸில் இருக்காது, ப்ரோட்டானின் அந்தக் குட்டி விண்டோஸுக்குள் ஏழெட்டு கோப்புறை தாண்டிப் போய்ப் போட வேண்டும்.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் ஒயரிலும் ப்ளூடூத்திலும் சொன்னதும் சேர்ந்தது. எபிக், காக் (ஜிஓஜி) கடைகளில் வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். தமிழ்க் குடும்பத்துச் சமையல் கேமான வெண்பாவும் ஓடுகிறது, அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் நான் யோசிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டார்.

சரி, குறைக்கு வருவோம். ஒரு பெரிய கம்பெனியின் லாஞ்சர் ஒன்று இருக்கிறது, கேமுக்கு முன்னால் தானும் ஒரு ஜன்னலைத் திறந்து லாகின் கேட்கும் ரகம், அது மாதம் ஒரு தடவை காரணமே இல்லாமல் வெள்ளைத் திரையாக நிற்கும். சில கேம்களில் கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் அந்தக் காலத்து தூர்தர்ஷன் மாதிரி வண்ணப் பட்டைகள் வரும், வெளியாள் ஒருவர் திருத்தி வெளியிடும் ஜிஇ ப்ரோட்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இதெல்லாம் தேடினால் தீர்கிற தொல்லை. ப்ரோட்டான்டிபி தளத்தில் கேம் பெயரைப் போட்டாலே யார் எந்தச் செட்டிங்கில் ஓட்டினார்கள் என்று கிடக்கிறது, வாங்குவதற்கு முன் அங்கே பார்த்துவிடுங்கள்.

தீராதது ஆன்டி சீட், அதாவது ஆன்லைன் கேமில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள். அந்த வகையில் ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இலேயே ப்ரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன, ஆனால் அனுமதி கொடுப்பது அந்தந்த கேம் நிறுவனத்தின் கையில். ஃபோர்ட்நைட் கொடுக்கவில்லை. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்ததோடு லினக்ஸ் ஆட்களுக்குக் கதவடைத்தது, கதைப் பகுதியை மட்டும் ஆடலாம். ஏபெக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஓடாததைவிட, ஓடியது நின்றதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் செட் ஐந்து பேர். ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் ஓசூர், மூன்று பேர் மதுரை. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு வாலரன்ட், அதுதான் நாங்கள் பேசிக்கொள்ளும் ஒரே நேரம். நான் போனதும் என் இடத்தில் ஓசூர்க்காரனின் ஆபீஸ் பையன் ஒருத்தன் வந்துவிட்டான். நன்றாக வேறு ஆடுகிறானாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலேயே ஓடுதுடா, டோட்டாவும் ஓடும் என்று கெஞ்சிப் பார்த்தேன். "மாப்ள, உனக்காக நாலு பேரு கேம் மாத்தணுமா?" என்றார்கள். நியாயம்தான். இப்போது ஒரு பழைய 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸை மட்டும் வைத்திருக்கிறேன், மாதம் ஒரு ஞாயிறு அதை எழுப்பினால் பேட்ச் இறங்கி முடிவதற்குள் இவர்கள் இரண்டு மேட்ச் முடித்திருப்பார்கள்.

போன வாரம் சித்தி மகன் லேப்டாப்போடு வந்தான். "எனக்கும் இதையே போட்டு விடுண்ணே." என்னடா ஆடுவ என்றேன். போன் கேமைக் கணினியில் ஓட்டும் ப்ளூஸ்டாக்ஸில் ஃப்ரீ ஃபயர். ப்ளூஸ்டாக்ஸ் லினக்ஸுக்குக் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஐந்துக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேட்டால் இரண்டரை.