இரண்டாம் பக்கத்தின் கடைசி ஐந்தரை நிமிடம்: ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ தட்டோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். “மெட்டாலிகாவோட மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ் ஒத்தைத் தட்டு விலை குறைஞ்சிருக்கு. எடுக்கலாமா? நீதான் வருஷக்கணக்கா வச்சிருக்கியே, சொல்லு.” அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா 1986ல் வெளியிட்ட ஆல்பம் அது. தட்டு என்றால் வினைல் இசைத்தட்டு. அதைச் சுழற்றும் என் டர்ன்டேபிள் பழுது பார்த்துத் திரும்பி வந்ததும் அன்றைக்குத்தான். புது ஊசி போட்டிருந்தது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆறு வருடமாக மனதில் கிடப்பதை எழுதியே விடுகிறேன்.

பாட்டுகளைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. இதைத் தட்டாக வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு அவை மனப்பாடமாகவே இருக்கும். என் பேச்சு தட்டைப் பற்றியது. அதிலும் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘டேமேஜ், இன்க்.’ பற்றியது.

முதல் நாளிலிருந்தே அந்தப் பாட்டு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தின் தொடக்கத்தில் கத்தி மாதிரி இறங்கிய கிட்டார் அங்கே வரும்போது கொரகொரவென்று ஆகிவிடும். பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ‘ஸ’, ‘ஷ’ சொல்லும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பது போல ஒரு இரைச்சல். டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கின் சிம்பல் ஒவ்வொன்றும் தகரத்தைக் கிழிப்பது போல. முதலில் தூசி என்று நினைத்துத் தட்டைக் கழுவினேன். அப்புறம் ஊசியைத் துடைத்தேன். ஸ்பீக்கரை மாற்றி வைத்தேன். தட்டிலேயே குறை என்று முடிவு செய்து கடையில் கொடுத்து வேறு பிரதி வாங்கினேன். அதிலும் அதே இடத்தில் அதே கொரகொரப்பு.

காரணம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது யோசித்தால் எளிய கணக்குதான். எல்பி, அதாவது இந்த மாதிரிப் பெரிய தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வேகம் மாறுவதில்லை. ஆனால் வெளி ஓரத்தில் சுற்று பெரியது, நடுவே வர வர சிறியது. தொடக்கத்தில் ஒரு வினாடி இசைக்கு ஊசி ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது. லேபிளை நெருங்கும்போது அதே ஒரு வினாடிக்குக் கிடைப்பது 21 சென்டிமீட்டர் போலத்தான். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். சிம்பலின் மேல் ஒலி, சுமார் 10,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு அலையின் நீளம் உள்ளே 21 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு மாதிரி. என்னிடம் முதலில் இருந்தது கூம்பு முனை ஊசி. அதன் முனை ஆரமே 15 மைக்ரானுக்கு மேல். அந்த வளைவுக்குள் அது எப்படிப் புகும்? மேலே மேலே உரசிக்கொண்டுதான் போகும். அந்த உரசலைத்தான் நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது எல்லா எல்பிக்கும் உள்ள பிரச்சினைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்துக்கு 18, 20 நிமிடம் மட்டும் இருந்தால், தட்டில் பள்ளத்தை வெட்டுகிறவர் அவ்வளவு உள்ளே போக வேண்டியதில்லை. இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் ஏறக்குறைய 27 நிமிடம். இரண்டாம் பக்கம் ஏறக்குறைய 28 நிமிடம். மொத்தம் ஐம்பத்தைந்து நிமிட ஹெவி மெட்டல், ஒரே தட்டில். நீளமான பக்கத்தில் பள்ளத்தின் வரிகளை நெருக்க வேண்டும். நெருக்கினால் பேஸ் என்னும் அடி ஒலிக்கு அகலம் போதாது. அதனால் ஒலி அளவையே குறைத்து வெட்ட வேண்டும். நான் இந்தத் தட்டைப் போட்டால் ஆம்ப்ளிஃபையரை மற்ற தட்டுகளைவிட எப்போதும் இரண்டு கோடு கூடுதலாகத் திருப்புவேன். திருப்பினால் பின்னணியில் உள்ள சரசரப்பும் சேர்ந்து ஏறுகிறது. வேகமும் கனமும் இவ்வளவு உள்ள இசையை இவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தால் அதைத் தாங்கப்போவது கடைசிப் பாட்டு. ‘டேமேஜ், இன்க்.’ அந்த ஆல்பத்திலேயே மிக மூர்க்கமான பாட்டுகளில் ஒன்று. அதைக் கொண்டுபோய்த் தட்டின் மிக மோசமான இடத்தில் வைத்திருக்கிறது வரிசை.

1986ல் வந்த பிரதிகள் சிலவற்றில் அட்டையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. நீங்கள் போட விரும்பாத ஒரே பாட்டு ‘டேமேஜ், இன்க்.’ ஆகத்தான் இருக்கும், அதில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்ற பொருளில். என் பிரதி பிற்கால மறுபதிப்பு, அதில் அந்த ஸ்டிக்கர் இல்லை. ஆனால் வேறு காரணத்துக்காக நானும் பல வருடம் அதைப் போடாமல்தான் இருந்தேன். அதற்கு முந்தைய பாட்டான ‘ஓரியன்’ முடிந்ததும் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிடுவேன். அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கோபம் முழுக்க இந்த வரிசையின் மேலும் நீளத்தின் மேலும்தான். ஏனென்றால் இந்த இசையை எவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள் என்பது தெரியும். 1985 செப்டம்பரிலிருந்து டிசம்பர் கடைசி வரை கோபன்ஹேகனில் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவுக்கு ஃபிளெமிங் ராஸ்முசென். முந்தைய ஆல்பத்தையும் அவரோடு அங்கேதான் செய்தார்கள். லார்ஸுக்கு அது சொந்த நாடும்கூட. ரிதம் கிட்டார் முழுவதையும் ஹெட்ஃபீல்டு ஒருவரே வாசித்தார். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியிருக்கிறார். தலைப்புப் பாட்டின் அந்த ஓட்டத்தில் பிக் மேலே வரும்போது நரம்பைத் தொடுவதே இல்லை, எல்லாம் கீழ்நோக்கிய அடிகள்தான். அந்த வேகத்தில் அதை ஒரு முறை வாசித்தாலே மணிக்கட்டு விட்டுப்போகும். இரண்டு பக்கமும் ஒரு நூலிழை பிசகாமல் பொருந்த வேண்டுமென்றால் எத்தனை தடவை வாசித்திருக்க வேண்டும்! ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக்கேல் வாகனர் மிக்ஸ் செய்தார். மார்ச் 3ஆம் தேதி ஆல்பம் வெளிவந்தது. அவ்வளவு உழைப்பின் கடைசி ஐந்தரை நிமிடம் என் வீட்டில் தகரமாகக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. இரண்டே வருடம் கழித்து, 1988ல், அடுத்த ஆல்பம் 65 நிமிடம் வந்தபோது அதை இரட்டைத் தட்டாகத்தான் போட்டார்கள். இதையும் அப்படிப் போட்டிருக்கலாம். பிரிட்டனில் மியூசிக் ஃபார் நேஷன்ஸ் நிறுவனம் 1987லேயே இதை நிமிடத்துக்கு 45 சுற்றில் இரண்டு தட்டாக வெளியிட்டது. 2008இலும் 45 சுற்று இரட்டைத் தட்டு ஒன்று வந்தது. 45ல் ஊசி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் போகும். ஒரு பக்கத்துக்குப் பதினான்கு நிமிடம் போலத்தான் வரும் என்பதால் லேபிளை நெருங்க வேண்டிய தேவையே இல்லை. நான் வாங்கும்போது அது கைக்கு எட்டவில்லை.

சரி, இப்போது பழுது பார்த்த கதை. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மைத் தூக்கும் லிவர் இறங்காமல் நின்றுவிட்டது என்பதற்காகத்தான் கொண்டுபோனேன். பழுது பார்த்தவர் லிவரைச் சரிசெய்துவிட்டு, கையின் நுனியில் ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இரண்டு மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறதாம். கை ஒரு முனையில் சுழல்வதால் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்பது இரண்டே இடத்தில்தான். பின்னால் தள்ளி மாட்டினால் அந்த இரண்டு இடமும் விலகிப்போகும், உள்வரிகளில்தான் முதலில் தெரியும் என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். ஆறு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். கூம்பு ஊசியைக் கழற்றிவிட்டு மைக்ரோலைன் முனை போடச் சொன்னேன். அதன் விளிம்பு 3 மைக்ரான் அளவில் மெல்லியது. விலை வலித்தது. ஆனாலும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் போட்டது எது என்று சொல்லவே வேண்டாம். நேராக இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு.

அந்தப் பாட்டு அமைதியாகத்தான் தொடங்கும். குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் பேஸில் வாசித்த சுருதிகளைப் பின்னோக்கி ஓட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக எழும்ப விட்டிருக்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு பக்திப் பாடலிலிருந்து பிறந்தது அது. பழைய ஊசியில் அது வெறும் மங்கலான ஓலமாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு சுருதியும் இருட்டிலிருந்து தனித்தனியாக மேலே வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் பாட்டு வெடித்ததும் கொரகொரப்புக்காகக் காத்திருந்தேன். முக்கால்வாசி போய்விட்டிருந்தது. கிட்டார் கிட்டாராகக் கேட்டது. ஆனால் கால்வாசி மிச்சம் இருக்கிறது. கடைசி ஒன்றரை நிமிடத்தில் ‘ஸ’ இன்னும் உரசுகிறது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு சரிசெய்து, அந்தக் கடைசி ஒன்றரை நிமிடம் மட்டும் என் கைக்கு வரவில்லை. அன்று இரவு நான் அடைந்த எரிச்சல் ஆறு வருட எரிச்சலைவிடப் பெரியது.

பிறகு ‘ஓரியன்’ போட்டேன். இதைச் சொல்லாமல் இந்தத் தட்டைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது. எட்டரை நிமிடம், வார்த்தையே கிடையாது. தூரத்திலிருந்து பேஸும் டிரம்ஸும் மெல்ல ஏறி வரும். நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியாக நடக்கும் இடத்தில், என் அறையில் கதவுச் சட்டம் லேசாக அதிரும். கிட்டார் தனி வாசிப்பு என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்த சில இடங்கள் உண்மையில் கிளிஃபின் பேஸ். அதைச் செல்போனில் கேட்கும்போது கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டில் கேட்கும்போது நரம்பின் கனம் தெரிகிறது, விரல் நகர்வது தெரிகிறது. ஆல்பம் வந்த அதே வருடம் செப்டம்பர் 27ஆம் தேதி ஸ்வீடனில் இசைக்குழுவின் பேருந்து கவிழ்ந்து கிளிஃப் இறந்தார். வயது 24. அவருடைய இறுதிச் சடங்கில் ஒலித்தது இந்தப் பாட்டுதான். குழுவினர் மேடையில் இதை முழுதாக வாசிக்க 2006 ஆகிவிட்டது.

‘ஓரியன்’ இருப்பதும் உள்வரிகளில்தான், மூன்றாவது பாட்டாக. அதில் கூரிய ‘ஸ’ இல்லை, பாடும் குரலே இல்லை, அதனால் தப்பித்தது. அதன் வலிமை அடியில் இருக்கிறது. அடி ஒலியின் அலைகள் நீளமானவை. இடம் குறைந்தாலும் ஊசிக்கு அவை கடினமில்லை. தட்டின் மோசமான பகுதி இந்த ஒரு பாட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் விட்டுவிட்டது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்.

முதல் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பேட்டரி’யின் தொடக்கத்தில் வரும் அக்கூஸ்டிக் கிட்டார் அடுக்குகள் தட்டின் வெளி ஓரத்தில், நல்ல இடத்தில் இருக்கின்றன. அருமையாகக் கேட்கும். ‘சானிடேரியம்’ கடைசியில் இருந்தாலும் பாட்டின் பெரும்பகுதி நிதானமானது என்பதால் பெரிய சேதமில்லை. அட்டைப்படம் பன்னிரண்டு அங்குலத்தில் வேறொன்றாக இருக்கிறது. டான் பிராட்டிகம் வரைந்த அந்தக் கல்லறைச் சிலுவைகளில் ஒன்றில் தலைக்கவசம் தொங்குவதை நான் தட்டு வாங்கிய பிறகுதான் கவனித்தேன்.

நண்பனுக்கு என்ன பதில்? வாங்காதே. விலை குறைந்ததற்காக ஒற்றைத் தட்டை வாங்கவே வாங்காதே. சாதாரண ஊசி வைத்திருக்கிறாய், உனக்கும் அதே கொரகொரப்புதான் வரும், நீயும் ஆறு வருடம் கழுவிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் கிடப்பாய். பொறுத்திருந்து 45 சுற்று இரட்டைத் தட்டு கிடைத்தால் எடு. மூன்று முறை எழுந்து திருப்ப வேண்டியிருக்கும், பரவாயில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்றரை நிமிடத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

“அப்போ உன்னுடையதைக் கொடுத்துடு, நான் எடுத்துக்கறேன்” என்று உடனே கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து போடப்போகிறேன். ‘ஓரியன்’ முடிந்ததும் ஊசியைத் தூக்குவதா வேண்டாமா என்று அவன் சொல்லட்டும்.