யானைக் கோப்பையோடு நான்கு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே சிங்கப்பூரில் ஒரு கைவினைச் சந்தையில் இரண்டு கோப்பையும் ஒரு தட்டும் வாங்கினேன். மூன்றும் கையால் வனைந்த சுடுமண். தட்டில் குடை பிடித்த ஒட்டகச்சிவிங்கி. கோப்பை ஒன்றில் மழைக்காலணி போட்ட யானை. அதில் பாலைக் குடித்து முடித்தால் அடியில் ஒரு சுண்டெலி அண்ணாந்து பார்க்கும். அதன் மீசையை ஊசியால் கீறியிருக்கிறார்கள், விரல் வைத்தால் தட்டுப்படும். என் மகள் பால் குடிப்பதே அந்த எலிக்காகத்தான்.

முதல் ஆறு மாதம் பீங்கான் என்று நினைத்துத்தான் புழங்கினேன். இரவு முழுக்க சிங்க்கில் ஊறப் போட்டேன், ஈரத்தோடு அலமாரியில் கவிழ்த்தேன். கொஞ்ச நாளில் புழுங்கிய வாடை வந்தது. மைக்ரோவேவில் வைத்தால் பால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கைப்பிடியோ தொட முடியாமல் சுடும்.

காரணம் மண்தான். ஜாலான் பஹார் பக்கம் 1940இல் கட்டிய டிராகன் சூளை (சரிவில் நீளமாகக் கட்டிய விறகுச் சூளை) இருக்கிறதே, அதில் சூடு 1200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மண் இறுகிவிடும். என் கோப்பை போன்ற சுடுமண்ணையோ பெரும்பாலும் 1000 முதல் 1150 டிகிரிக்குள் சுடுகிறார்கள். உள்ளே நுண்துளைகள் அப்படியே இருக்கும். மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பூசாத அடி வளையம் வழியாக நீர் ஏறும், மைக்ரோவேவில் அந்த நீர்தான் கொதிக்கிறது. ஈரம் குடித்த மண் மெல்ல உப்பும்போது மேலே இருக்கும் மெருகு இழுபட்டு மயிரிழையாக வெடிக்கும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் அப்படி ஓடிய கோடுகளில் சாம்பார் மஞ்சள் ஏறிவிட்டது. தேய்த்தும் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, “மண்சட்டியை இப்படியா வைப்பே? காய விடும்மா” என்றார். அன்றிலிருந்து உடனே கழுவி, துடைத்து, சமையலறை சன்னலோரம் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைக்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மணி நேரமெல்லாம் போதாது. வாடை போயே போய்விட்டது. மைக்ரோவேவை நிறுத்தியாயிற்று. தட்டில் இப்போது முறுக்கு, பிஸ்கட் மட்டும்தான்.

வாங்கும்போது மெருகில் ஈயம் இல்லையே என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அதுவும் பிள்ளைகளுக்கென்றால். விளிம்பு எளிதில் சிதறும். இரண்டாவது கோப்பை குழாயில் இடித்து ஒரு சில்லு போய், உள்ளே செம்மண் தெரிகிறது. அதில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. யானைக் கோப்பை மட்டும் தினமும் பாலுக்கு வருகிறது.