தண்டவாளத்தை மாடி மாடியாக ஏற்றும் ஹீலிக்ஸ் கிட்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கனடாவின் கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் 4.5 சதவீதச் சரிவோடு மல்லுக்கட்டிய கனடியன் பசிபிக் ரயில்வே, 1909இல் மலைக்குள் இரண்டு சுருள் சுரங்கங்கள் குடைந்து அதை 2.2 சதவீதமாக இறக்கியது. ஏற வேண்டிய உயரம் மாறவில்லை. ஓடும் தூரம் நீண்டது, சரிவு தணிந்தது. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு மாதிரி ரயிலை ஏற்றும் ஹீலிக்ஸ் என்ற சுருள்பாதையும் இதே கணக்குதான். ஒரே வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் என ஐந்து அடுக்கு வரும்.

இங்கே பார்ப்பது ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு), இரட்டைத் தடம், 5 மி.மீ பிளைவுட்டில் லேசரால் வெட்டிய கிட். உள்தட ஆரம் 610 மி.மீ, வெளித்தடம் 672. சுற்றுக்கு ஏற்றம் 90 மி.மீ. எட்டு இடங்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக 16 எம்6 மரைத்தண்டுகள் பலகையைத் தாங்குகின்றன. வாங்கலாம். ரம்பத்தால் கையில் வெட்டினால் இவ்வளவு சுத்தமான வட்டம் கிடைப்பது கடினம்; தடத்தின் நடுக்கோடு பலகையிலேயே பொறித்து வருவது பெரிய உதவி.

சரிவு உள்தடத்தில் 2.35, வெளித்தடத்தில் 2.13 சதவீதம். ஆனால் இன்ஜின் உணர்வது இதைவிட அதிகம், வளைவின் உரசலும் சேர்ந்துகொள்ளும். 32ஐ அங்குலக் கணக்கிலான ஆரத்தால் வகுத்தால் அந்தக் கூடுதல் தோராயமாகக் கிடைக்கும். உள்தடத்தின் 610 மி.மீ, அதாவது 24 அங்குலத்துக்கு 1.3. ஆக உள்தடத்தில் 3.7 சதவீத ஏற்றத்துக்கான இழுவை வேண்டும். ஏறும் வண்டியை எப்போதும் வெளித்தடத்தில் விடுங்கள். இடப்பக்கம் ஓடும் ரயில்வே என்றால் ஏற்றம் கடிகாரச் சுற்றில் இருக்க வேண்டும், வலப்பக்கம் ஓடினால் எதிர்ச்சுற்றில். கிட்டை எந்தப் பக்கமாகவும் கட்டலாம் என்பதால் முதல் பலகையை வைக்கும்முன் இதை முடிவு செய்யுங்கள். பிறகு மாற்ற வழியில்லை.

பொறுமையைச் சோதிப்பது நட்டுகள். ஐந்து சுற்றுக்கு 160 நட்டு, 160 வாஷர். தண்டின் முனையை அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்காவிட்டால் நட்டு கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும். தண்டை டிரில்லில் மாட்டிச் சுழற்றி, நட்டை விரலால் பிடித்துக்கொண்டால் வேலை வேகமாக நகரும். எம்6 மரையின் புரியிடை 1 மி.மீ, அதனால் நட்டின் ஒரு சுற்று ஒரு மி.மீ உயரம். ஒரு தாங்கியிலிருந்து அடுத்ததற்கு 11.25 மி.மீ ஏற வேண்டும், அதாவது பதினொன்றே கால் சுற்று. இதைத் தாங்கிக்குத் தாங்கி எண்ணிக்கொண்டே போகாதீர்கள், சிறுபிழை சேர்ந்து சேர்ந்து மேலே மேடுபள்ளமாகிவிடும். முதல் சுற்றை மட்டும் அடிப்பலகையிலிருந்து அளந்து வையுங்கள். மேல்சுற்றுகளுக்கு 85 மி.மீ உயர மரக்கட்டை ஒன்றை வெட்டி, இரண்டு பலகைக்கும் இடையே நுழைத்துப் பார்த்து நட்டை இறுக்குங்கள். உள்தண்டுக்கும் வெளித்தண்டுக்கும் குறுக்கே ரசமட்டம் வைக்கவும் மறக்காதீர்கள்.

குறை ஒன்று இங்கேதான் வருகிறது. 85 மி.மீ இடைவெளியில் தடம் 5 மி.மீ போனால் மிச்சம் 80. அமெரிக்க இரட்டை அடுக்குக் கண்டெய்னர் வண்டி 20 அடி 3 அங்குலம், ஹெச்ஓவில் 71 மி.மீ. தாராளம்தான். ஆனால் கிட்டின் இணைப்புத் தகடுகளைப் பலகைக்கு அடியில் ஒட்டச் சொல்கிறார்கள். அவை இன்னொரு 5 மி.மீ தின்றுவிட, அந்த இடங்களில் மிஞ்சுவது 4 மி.மீ மட்டுமே. தகட்டைத் தடத்துக்கு நேர் கீழே வைக்காமல் இரு ஓரங்களுக்கு ஒதுக்குங்கள். ஒட்டுவதற்கு முன்பே பலகையின் இரு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் ஈரக்காற்றில் பலகை குழிந்துவிடும்.

பெரிய குறை நுழைவாயில். கிட்டில் முதல் தாங்கியிலேயே முழுச்சரிவு தொடங்கிவிடுகிறது. சமதளத்திலிருந்து திடீரென ஏறினால் நீளப் பெட்டிகளை இணைக்கும் கப்ளர்கள் மேலும் கீழுமாக விலகிக் கழன்றுகொள்ளும். ஹீலிக்ஸுக்கு வெளியே கீழும் மேலும் 600 மி.மீ பலகையைச் சேர்த்து, முனைகளை மட்டும் பிடித்து, நடுவில் தானாக வளையவிடுங்கள். ஒவ்வொன்றும் 7 மி.மீ உயரம் கூட்டும் என்பதால் மேல்தளத்தை ஐந்து சுற்றின் 450இல் அல்ல, 464 மி.மீட்டரில் அமைக்க வேண்டும். கிட்டின் வரைபடம் இதைச் சொல்வதே இல்லை.

வேண்டியபடி வளைக்கக்கூடிய 914 மி.மீ பிளெக்ஸ் தடம் சுற்றுக்கு ஒன்பது, மொத்தம் 45 வேண்டும். இரண்டிரண்டாக நேராக வைத்து ஈயம் பற்றவைத்த பிறகு வளையுங்கள், இணைப்பில் முறிவு விழாது. எல்லாவற்றையும் பற்றவைத்துவிடவும் கூடாது. உள்தடத்தின் 19 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 3 மி.மீ நீளும். சுற்றுக்கு ஓரிடத்தில் 1 மி.மீ இடைவெளி விட்டு, அதன் இரு பக்கமும் மின்கம்பி கொடுங்கள்.

ஓட்டத்தில் பயப்பட வேண்டியது முன்னால் மாட்டிய லேசான பெட்டி. பின்னால் வரும் பாரம் அதை வளைவின் உட்பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி ஹெச்ஓ பெட்டிக்கு 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம் எடை இருக்கட்டும். வெளித் தண்டவாளத்தை உயர்த்திச் சாய்வு கொடுக்காதீர்கள், அது சாய்தலுக்கே துணைபோகும். பலகையின் இரு ஓரத்திலும் 30 மி.மீ தடுப்புப் பட்டை ஒட்டுங்கள். கிட்டில் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் பட்டை இருக்கிறது.

இதே கிட்டின் சிறிய பதிப்பில் உள்தட ஆரம் 438 மி.மீ, ஏற்றம் அதே 90. வளைவோடு சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. சுவிட்சர்லாந்தின் புரூசியோ சுருள் பாலம்கூட மீட்டர்கேஜில் 70 மீட்டர் ஆரம்; 1:87இல் அது 805 மி.மீ. சிறிய பதிப்பை மூன்று, நான்கு குட்டைப் பெட்டிகளோடு ஓடும் வண்டிகளுக்கு மட்டும் வாங்குங்கள்.