மீன் சந்தைக்குத் தாங்குகிற பை எது? சில வருடப் பாவனைக்குப் பிறகு

சொப்பிங் பைக்குப் பதிலாக என்ன பாவிக்கலாம் என்று பேசுகிறவர்கள் அநேகமாக மரக்கறியோடு நிறுத்திவிடுகிறார்கள். திருகோணமலையில் கிழமையில் பாதி நாள் மீன்கறிதான். இங்கே ஒரு பை நல்லதா கூடாதா என்பதை, தண்ணியும் இரத்தமும் சொட்டுகிற ஒரு கிலோ பாரைத் துண்டுதான் தீர்மானிக்கும். நான் மாறி மாறிப் பாவித்த பைகளையும் அப்படித்தான் எடைபோடுகிறேன்.

முதலில் துணிப் பை. வீட்டில் கிடந்த தடித்த திரைச்சீலையில் தைத்தது. மரக்கறிக்கும் பாணுக்கும் இதைவிடத் தோதான பை இல்லை. துணி எவ்வளவு தடிப்பு என்பதை விட, கைப்பிடி எப்படித் தைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வாய் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தைத்திருந்தால், இரண்டு தேங்காயும் ஒரு பூசணிக் கீறும் ஏறியதும் மூலையில் நூல் விடத் தொடங்கும். நாடா பையின் அடியைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் கைப்பிடியாகிற மாதிரித் தைத்தால் பாரம் முழுக்க நாடாவில் இறங்கும். என் பையின் நிறம் வெளிறிவிட்டது, கைப்பிடி இன்னும் அசையவில்லை. மாரி காலம்தான் இதற்கு ஆகாது. கார்த்திகை, மார்கழியில் அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சண வாடை வரும், அப்புறம் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அந்த மாதங்களில் பையைக் குசினிக்குள்ளேயே விரித்துத் தொங்கவிடுகிறேன்.

புடவைக் கடைகளில் தருகிற, பார்வைக்குத் துணி மாதிரி இருக்கும் பையை நான் இப்போது வாங்குவதே இல்லை. அது பொலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்ரிக். எங்கள் ஊர் வெயிலில் கொஞ்ச காலம் கிடந்தால் தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்ததை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்கவே முடியாது. வெயில் படாமல் வைத்துப் பாவிப்பவர்களுக்கு நீண்ட நாள் உழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் பருத்திப் பை என்றாலே புண்ணியம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரே தடவை பாவித்து வீசும் மெல்லிய பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமானால், பருத்திப் பையை 131 தடவையும் பொலிபுரொப்பிலீன் பையை 11 தடவையும் பாவிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பருத்தி விளைவிப்பதற்கு அவ்வளவு செலவாகிறது. கூட்டத்துக்குக் கூட்டம் அன்பளிப்பாகக் கிடைக்கும் பைகளை அலுமாரியில் அடுக்கி வைப்பதால் ஒரு நன்மையும் இல்லை. இருக்கிற பழைய துணியில் இரண்டு தைத்து, அவற்றையே தேய்த்துப் பாவிப்பதுதான் சரி.

அந்தக் கணக்கில் எங்கள் மான்கள் இல்லை. கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் பஸ் நிலையத்தடியிலும் திரியும் புள்ளிமான்களை இந்த ஊருக்கு வந்த எவரும் பார்த்திருப்பார்கள். மரக்கறித் தோலும் பழமும் கட்டி எறிந்த பையை அவை பிரித்துத் தின்பதில்லை, பையோடு சேர்த்து மெல்லுகின்றன. அசைபோடும் மிருகத்தின் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காது, அங்கேயே சுருண்டு தங்கிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்க, மான் மெலிந்துகொண்டே போகும். எனக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். இதற்கு அரிசிப் பைதான். பத்துக் கிலோ அரிசி வருகிற நெய்த சாக்கைக் கழுவி, வெட்டிய ஓரத்தை உள்ளே இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தேன். மடிக்காமல் விட்டால் இழை இழையாகப் பிரிந்து கொட்டும். உரப்பையும் இதே உறுதிதான், ஆனால் சாப்பாட்டுச் சாமானுக்கு அதை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பைக்குள் மூடி இறுக்கமான ஒரு பெட்டி. முதலில் மீனை நிறுத்துவிட்டு, வெட்டியதும் நேரே பெட்டிக்குள் போடச் சொல்வேன். "அக்கா, பேக்ல போட்டுத் தாறனே, ஏன் இந்தக் கரைச்சல்?" என்று மீன் வெட்டுகிற தம்பி தொடக்கத்தில் கேட்டார். இப்போது என்னைக் கண்டதும் பெட்டிக்குக் கையை நீட்டுகிறார். வீட்டுக்கு வந்தவுடன் பெட்டியைப் பச்சைத் தண்ணியில் அலசி, அப்புறம் தேசிக்காய்த் தோலும் உப்பும் போட்டுத் தேய்த்தால் வாடை நிற்காது. முதலிலேயே சுடுதண்ணி ஊற்றினால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். குடலையும் செதிலையும் சந்தையிலேயே விட்டுவிடுவதால், ஈரக்குப்பையைக் கட்டுவதற்கென்று ஒரு சொப்பிங் பையும் தேவைப்படுவதில்லை.

பனையோலை உமலும் ஒன்று வைத்திருக்கிறேன். வெங்காயமும் கத்தரிக்காயும் அதற்குள் காற்றோட்டமாகக் கிடக்கும். நனைந்தால் அன்றைக்கே காயவைக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, பில்லில் அதன் விலை காட்டப்பட வேண்டும். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். சூப்பர்மார்க்கட் வரிசையில் வீட்டுப் பையோடு நிற்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தைக்குள் அந்தளவு மாற்றம் இன்னும் தெரியவில்லை.

என் முறைக்குள் அடங்காதது கோழி. உறைய வைத்த கோழி வாங்கினால் அதைச் சுற்றிய பிளாஸ்ரிக் உறையும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. கண்முன்னே வெட்டிப் பெட்டியில் போட்டுத் தரும் கடை எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம். இப்போதைக்கு அங்கேதான் போய்வருகிறேன்.