விடிகாலை வண்டிச் சத்தம்: எந்த வழி உண்மையில் குறைக்கிறது?

காலை ஐந்து மணிக்குச் சென்னைத் தெருவில் யாரெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்? இரவு ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து படுத்த பிள்ளை, விடிய விடிய அழுதுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த கைக்குழந்தை, அதன் அம்மா, மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் புரண்ட பெரியவர். அந்த நேரத்தில் ஒருவர் பைக்கை ஸ்டார்ட் செய்து, ‘இன்ஜின் சூடாகட்டும்’ என்று ஐந்து நிமிடம் ரைஸ் பண்ணிக்கொண்டு நின்றால் தெருவுக்கே தூக்கம் போச்சு.

சத்தத்தைக் குறைக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்: சூடாக்காமலே கிளம்பு, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போ, டிபி கில்லர் (சைலன்சர் வாலில் செருகும் சத்தம் குறைக்கும் குழாய்) போடு, சைலன்சரை மாற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி சைலன்சர் இருக்கும் வண்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை, பெரும்பாலும் பழக்கத்தை மாற்றினால் போதும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச் சைலன்சர் மாட்டிய வண்டிக்கு மட்டும் பழக்கத்தால் முழுத் தீர்வு வராது.

நின்று சூடாக்குவதா, மெதுவாகக் கிளம்புவதா?

மார்கழி, தையில்கூடச் சென்னையில் விடிகாலைக் குளிர் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அந்த வெப்பத்தில் 10டபிள்யூ30, 15டபிள்யூ50 போன்ற இன்ஜின் ஆயில்கள் நன்றாகவே ஓடும். ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு நின்ற இடத்தில் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவது) விட்டால் இன்ஜின் மெல்லத்தான் சூடாகும். ஓட்டினால் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் பரவுவதற்குள் ஆக்சிலேட்டரை முறுக்குவது இன்ஜினுக்குத்தான் தேய்மானம். ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்காக இல்லாவிட்டாலும் வண்டிக்காகவாவது ரைஸ் பண்ணுவதை விட வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். குளிர்ந்த இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை அதன் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஐடிலிங் கொஞ்சம் ஏறி, தானாகவே இறங்கும். நம் கை அதில் தேவையே இல்லை. ஹெல்மெட், கையுறை எல்லாம் முதலிலேயே மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இருபது, முப்பது விநாடி போதும், கிளம்பிவிடலாம். முதல் இரண்டு கிலோமீட்டர் மட்டும் அடக்கி ஓட்டினால் சரி.

பெட்ரோலையும் காற்றையும் கம்ப்யூட்டர் இல்லாமல் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்காரர்களின் சிரமம் வேறு. பழைய புல்லட்டோ ஸ்ப்ளெண்டரோ காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும். அணையாமல் இருக்கத்தான் அவர்கள் ரைஸ் பண்ணுகிறார்கள். யாரையும் தொந்தரவு செய்யும் எண்ணத்தில் அல்ல. ஆனால் வண்டி அணைகிறதென்றால் பெரும்பாலும் பைலட் ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளை) அடைப்பு இருக்கும், அல்லது ஐடிலிங் ஸ்க்ரூ இறங்கியிருக்கும். தெருமுனை மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலிங்கைச் சரியாக வைத்துக்கொண்டால், மறுநாள் சோக்கை இழுத்து ஒரே உதையில் எழுந்து அது பாட்டுக்கு நிற்கும். பிடித்துக்கொண்டதும் சோக்கைத் தள்ளிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு இந்தச் சின்ன வேலையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தள்ளிக்கொண்டு போவது

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். திருவல்லிக்கேணி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அந்த அளவுக்குக் குறையாது. இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். நாலு வீடு தள்ளி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் நம் வீட்டு ஜன்னலுக்குப் பதில் இன்னொருவர் ஜன்னல், அவ்வளவுதான். பேருந்து ஓடத் தொடங்கிவிட்ட மெயின் ரோடு வரை தள்ளினால்தான் பலன். 110 கிலோ வண்டிக்கு இது முடியும். 180, 190 கிலோ புல்லட்டை வேகத்தடைகளின் மேல் தள்ளுவது முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்கள் முந்தின இரவே வண்டியின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டால், காலையில் முன்னும் பின்னும் உறுமித் திருப்பும் வேலையாவது மிச்சம்.

அடுக்குமாடியில் தூண்களுக்கு நடுவே பார்க்கிங் உள்ளவர்கள் மட்டும் கட்டாயம் தள்ள வேண்டும் என்பேன். மேலே கான்கிரீட், சுற்றிலும் சுவர், முதல் மாடிப் படுக்கையறை நேர் மேலே. கேட்டுக்கு வெளியே பத்தடி வந்தாலே வித்தியாசம் தெரியும்.

சைலன்சர் சமாச்சாரம்

கம்பெனி சைலன்சர் இருந்தும் சத்தம் திடீரென்று கூடியிருந்தால் முதலில் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) கேஸ்கட்டைப் பாருங்கள். இன்ஜின் ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தால் லீக். மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாலில் ஒரு கணம் தடித்த துணியை வைத்து அழுத்துவார்கள். லீக் உள்ள இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். கேஸ்கட் மாற்றுவது சின்னச் செலவு.

பஞ்சாப் சைலன்சர், ஷார்ட் பாட்டில், ஃப்ரீ ஃப்ளோ என்று மாற்றியவர்களுக்கு இரண்டு வழி சொல்லப்படுகிறது. ஒன்று டிபி கில்லர். வாலில் செருகும் இந்தக் குழாய் காதைக் கிழிக்கும் சத்தத்தை ஓரளவு குறைக்கும்; ஆனால் ‘டம் டம்’ என்ற அடித்தொனி பெரிதாகக் குறையாது. மூடிய ஜன்னலைத் தாண்டி நெஞ்சில் அதிர்வது அந்த அடித்தொனிதான். ஸ்க்ரூ லூசானால் கடகடப்பு வேறு. இன்னொன்று, உள்ளே எரிந்துபோன கிளாஸ் வுல்லை (கண்ணாடி இழைப் பஞ்சு) மாற்றுவது. அதுவும் கீச்சொலியைத்தான் உறிஞ்சும். இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் கம்பெனி சைலன்சரின் அமைதி வராது. அதன் உள்ளே இருக்கும் அறைகளில் சத்தம் மோதி மோதி அடங்குகிறது. வெறும் குழாயில் அதற்கு இடமே இல்லை. பழைய யமஹா ஆர்எக்ஸ்100 பைக் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது: கழற்றி வைத்த பாஃபிளை (சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பாகம்) திரும்ப மாட்டினால் போதும்.

சட்டமும் இதே பக்கம்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் இருக்கவேண்டிய ஒலி அளவு 45 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் மூன்று மாதம் பறிபோவது எல்லாம் உண்டு. ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் டிபன் சாப்பிட்டு வருவது அருமையான பழக்கம். அதற்காக மடிப்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் ஒரு தெருவே எழுந்திருக்க வேண்டியதில்லை.

கழற்றிய பழைய சைலன்சரை விற்றுவிட்டவர்கள் புதுப்பேட்டையில் தேடலாம். வாங்கும்போது கையால் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் தடுப்பு உடைந்திருக்கிறது, வேண்டாம். வால் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்து, நேர்க்குழாயாக உள்ளே தூரம் வரை வெளிச்சம் போனால் யாரோ தடுப்பை உடைத்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவும் வேண்டாம். பிஎஸ்6 வண்டியென்றால் உங்கள் மாடலுக்கே உரியதாகப் பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல மாடல்களில் அதற்குள்ளேயே இருக்கும்.